அலை அடிக்கும் பாறையில் கடற்பாசிக் கணக்கெடுப்பு: முட்டம், கன்னியாகுமரிக் கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

முட்டம், கடியப்பட்டணம், கன்னியாகுமரி போன்ற இடங்களில் பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கே பாசி ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் இறங்கியதும் கண்ணில் படுவதைப் பிடுங்கிப் பையில் போடுகிறார்கள். மாலையில் ஒரு பெயர்ப்பட்டியல் கிடைத்துவிடும். எந்தப் பாசி எந்த உயரத்தில் இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, எவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது என்ற செய்தியெல்லாம் பாறையோடே போய்விடும்.

பாசிக் கூட்டத்தைப் படிப்பது என்றால் இந்த இழந்துபோன செய்தியைப் படிப்பதுதான். அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் இடம், அப்புறம் அளவு, கடைசியில்தான் பறிப்பு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

## 1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

தென்குமரிக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகக் குறைவு. பெரிய வற்று நாளில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவது அரிது. குஜராத்தின் பாவ்நகர் பக்கம் அது 10 மீட்டரை ஒட்டி இருக்கும். அங்கே கொஞ்சம் பிந்திப் போனாலும் சமாளிக்கலாம். இங்கே அப்படி முடியாது, பாறையின் கீழ்விளிம்பான அடிப்பட்டை திறந்து கிடப்பதே கொஞ்ச நேரம்தான்.

அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டிய நாட்களில், முக்கியமாக அதற்கு அடுத்த ஓரிரு நாட்களில், கடல் நன்றாக வற்றும். ஒரு நாளில் இரண்டு வற்று வரும், இரண்டும் ஒரே அளவில் இருக்காது. ஓத அட்டவணையில் (கடல் ஏறி இறங்கும் நேரமும் உயரமும் தரும் பட்டியல்) இரண்டின் உயரத்தையும் பார்த்து, பகல் வெளிச்சத்தில் வரும் ஆழமான வற்று உள்ள நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும் என்பதால், அடுத்தடுத்த நாட்களுக்கு ஒரே நேரத்தைத் திட்டமிடாதீர்கள்.

அட்டவணை பாதி விஷயம்தான், மறுபாதி அலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் முட்டம் பக்கத்துப் பாறைகளில் கால் வைக்க நினைக்கவே கூடாது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வேலைக்கு ஏற்ற காலம். கடல் ஓரளவு அடங்கியிருக்கும், பாசியும் செழித்திருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும்போது பெரிய அலைகள் வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் தொலைவில் எழும் புயல்களிலிருந்து கிளம்பி வரும் இந்தக் கள்ளக்கடல் பற்றி ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்னறிவிப்பு தருகிறது. 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இப்படிப்பட்ட அலைதான் கொண்டுபோனது. எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். பேருந்து டிக்கெட், விடுதி முன்பதிவு எதுவும் இதற்குமுன் பெரிதில்லை.

## 2. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

பாறையில் நின்று யோசிக்க நேரம் கிடைக்காது. யோசனை தேவைப்படும் எல்லா வேலையையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பாறைமேல் வைத்து உள்ளே இருப்பதை எண்ண 50 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம், 30 மீட்டர் அளவுநாடா, பத்து மீட்டர் மட்டக் குழாய், அடிக்கோல் இரண்டு, திசைகாட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பென்சில், நனைந்தாலும் கிழியாத தாள், பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடு, ஜிப் பைகள், மூடியுள்ள வாளி, ஐஸ் பெட்டி. பாதுகாப்புக்கு விசில், 15 மீட்டர் கயிறு, இறுக்க மூடிய காலி கேன், முதலுதவிப் பை. பேனா வேண்டாம், ஒரு துளி உப்புத்தண்ணீர் பட்டாலும் எழுத்து கலைந்துவிடும்.

சட்டத்தை பி.வி.சி. குழாயில் செய்தால் நான்கு பக்கமும் துளை போடுங்கள். உள்ளே காற்று நின்றால் சட்டம் மிதந்து அலையோடு போய்விடும். சட்டத்துக்குள் 10 செ.மீ. இடைவெளியில் நைலான் கயிறு கட்டினால் 25 சின்னக் கட்டங்கள் கிடைக்கும். பாறை மிகவும் மேடுபள்ளமாக இருந்தால் கயிற்றாலேயே சதுரம் கட்டி, மூலைகளில் ஈயக்குண்டு கோத்துக்கொள்வது இன்னும் நல்லது, பாறையோடு படிந்து கிடக்கும்.

சட்டத்தை எங்கெங்கே வைப்பது என்பதையும் வீட்டிலேயே குலுக்கல் எண்களாக எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கரையில் வைத்து முடிவெடுத்தால் கை தானாகவே பாசி அடர்ந்த இடத்துக்குப் போகும். முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டத்தை எறிகிறேன் என்பவர்களும் அடர்த்தியான பக்கமாகத்தான் எறிகிறார்கள்.

அனுமதி விஷயம்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவோ எதையும் எடுக்கவோ கூடாது. குமரிக் கரை அதற்கு வெளியே இருந்தாலும், பவளம் எங்கே இருந்தாலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். பாசியோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளூர் ஊர்க் கமிட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

## 3. இறங்குவதற்கு முன் கடலைப் பாருங்கள்

வற்றின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். மேலே, காய்ந்த பாறையில் உட்கார்ந்து குறைந்தது இருபது நிமிடம் கடலை மட்டும் பாருங்கள். அலைகள் சமமாக வருவதில்லை, சின்னதாகப் பல வந்தபின் பெரியவை சில சேர்ந்து வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குகிறவர் அந்தப் பெரிய கூட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். மிக உயரமாக ஏறிய தண்ணீர் எதுவரை பாறையை நனைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக எடுக்கும் இந்தக் குறிப்பு பின்னால் ஆய்வுக்கும் வேண்டும்.

கரையில் வலை சரிசெய்யும் பெரியவர்களிடம் கேளுங்கள். “அண்ணாச்சி, இன்னைக்கு அந்தப் பாறைக்குப் போலாமா? நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது?” என்று கேட்டால் (நீவாடு என்றால் நீரோட்டம்) பொறுமையாகச் சொல்வார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒருவர் வேலையே செய்யாமல் கடலைப் பார்த்து நிற்க வேண்டும், கையில் விசிலோடு. விசில் கேட்டால் எல்லோரும் எழுதுவதை விட்டுவிட்டு மேலே வர வேண்டும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு கட்டிய காலி கேனை எறியுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வது இந்தப் பாறைகளில் எளிதில் நடந்துவிடும்.

கால் வழுக்குவது பச்சைப் பாசியில்தான் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மேல்பட்டையில் கறுப்பாக, வெறும் பாறை போலவே தெரியும் நீலப்பச்சைப்பாசிப் படலம் நனைந்தால் அதைவிட மோசம். செருப்பு கூடாது, நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

## 4. பாறையைப் பட்டை பட்டையாகப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். இதைச் செய்யாமல் சட்டம் வைத்தால், இரண்டு வேறு கூட்டங்களின் எல்லையில் சட்டம் விழுந்து, எதையும் சொல்லாத எண்கள்தான் வரும்.

மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டுங்கள். உச்சியில் தெறிப்பு மட்டும் படும் இடத்தில் கறுப்புப் படலமும் விரிசல்களில் ஒதுங்கிய சின்ன நத்தைகளும் இருக்கும். அதற்குக் கீழே கொட்டலசும் (பார்னக்கிள்), பாறையோடு அப்பிய கிண்ண வடிவ நத்தைகளும்.

அடுத்து பச்சை தொடங்கும். அலை நேராக வந்து மோதும் செங்குத்து முகங்களில், பிரஷ் முடி மாதிரி விறைப்பாக நிற்கும் கொத்துகள் கீட்டோமார்ஃபா ஆன்டென்னினா. கிளையே இல்லாத இழைகள், லென்ஸில் பார்த்தால் செல்கள் வரிசையாகத் தெரியும். அலை குறைந்த மூலைகளில் இதைப் பார்ப்பது அரிது என்பதால், பாறையின் எந்தப் பக்கம் அதிகம் அடிவாங்குகிறது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். பக்கத்திலேயே நாடா நாடாவாகக் கிழிந்து தொங்கும் உல்வா இருக்கும்.

அதற்குக் கீழே சிப்பிகளும் சிவப்புப் பாசிகளும் இடத்துக்குப் போட்டி போடும் பட்டை. பழுப்புச் சிப்பி கொத்தாகப் படர்ந்திருக்கும். இடைவெளிகளில் சென்ட்ரோசெராஸும் ஜெலிடியமும் குட்டையான புல்விரிப்பாகக் கிடக்கும். தட்டையாக, குருத்தெலும்பு போல விறைத்துக் கவைகவையாகப் பிரிவது கிராசிலேரியா கார்ட்டிகேட்டா. முள் போன்ற சின்னக் கிளைகளோடு பின்னிக் கிடப்பது ஹிப்னியா. அடியில், எப்போதும் ஈரமாக இருக்கும் விளிம்பில் மண்டபம் பக்கத்துக்காரர்கள் கட்டைக்கோரை என்று சொல்லும் சர்காசம், அதன் நிழலில் இளஞ்சிவப்புப் பூச்சு போலப் பாறையை மூடிய சுண்ணாம்புப் பாசி.

இந்த எல்லைகள் ஓத மட்டத்தோடு நேராகப் பொருந்தாது. அலை அதிகம் அடிக்கும் முனையில் தண்ணீர் மேலே ஏறித் தெறிப்பதால் பட்டைகளும் மேலே ஏறி அகலமாகும். அதே பாறையின் ஒதுங்கிய பின்பக்கத்தில் எல்லாப் பட்டைகளும் கீழே இறங்கிச் சுருங்கும். அட்டவணையைப் பார்த்து “இந்த உயரத்தில் உல்வா” என்று எழுதுவது அதனால்தான் தவறாகிறது. முனை, பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று இடங்களைத் தனித்தனி நிலையமாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முகம் பார்க்கும் திசை, சரிவு, மேலே சொன்ன நனைந்த உயரம் ஆகியவற்றை எழுதுங்கள்.

பட்டைக்குள்ளேயே திட்டுத் திட்டாக வேறுபாடு தெரிந்தால் குழம்ப வேண்டாம். பெரிய அலை சிப்பிக் கொத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனால் வெறும் பாறை திறக்கும். அதில் முதலில் உல்வா போன்ற வேகமான பச்சைகள் வரும், மெல்லச் சிவப்புப் புல்விரிப்பு பிடிக்கும், பிறகு சிப்பி திரும்பும். நீங்கள் பார்ப்பது வெவ்வேறு வயதுள்ள காயங்கள். திட்டின் அளவையும் அதன் விளிம்பில் என்ன இருக்கிறது என்பதையும் குறித்தால், அலை அங்கே என்ன செய்தது என்று பின்னால் புரியும்.

## 5. கோடு போட்டு உயரம் அளக்கவும்

மேல்பட்டையிலிருந்து நீர் விளிம்பு வரை, கரைக்குச் செங்குத்தாக நாடாவை விரியுங்கள். ஒரு நிலையத்துக்கு மூன்று கோடுகளாவது வேண்டும். மேல்முனையில் எளிதில் அடையாளம் தெரியும், அசையாத ஒரு பாறைப் புள்ளியை நிலைக்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் குறி ஒரு பருவக்காற்றைக்கூடத் தாங்காது. கைப்பேசியின் ஜி.பி.எஸ். பல மீட்டர் தவறும். குறியைப் பல கோணங்களில், பின்னால் கலங்கரை விளக்கமோ பெரிய பாறையோ தெரியும்படி படம் எடுத்து வைப்பதுதான் உதவும்.

உயரத்துக்குக் கொத்தனார் மட்டக் குழாயைப் போல வேறு கருவி இல்லை. குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நிலைக்குறியில் ஒருவர் பிடிக்க, மற்றவர் மறுமுனையைச் சட்டம் வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அடிக்கோலால் வித்தியாசத்தைப் படிக்கலாம். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகும், அதனால் ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டிப் பாருங்கள். தண்ணீரில் கொஞ்சம் மை கலந்தால் வெயிலில் மட்டம் தெளிவாகத் தெரியும்.

அலை அடிக்கும் இடத்தில் “கடல் மட்டம்” என்று ஒன்றைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் உயரங்களை எல்லாம் முதலில் நிலைக்குறியிலிருந்தே எழுதுங்கள். ஓத மட்டத்தோடு இணைக்க வேண்டுமென்றால், அடங்கிய நாளில் பத்து நிமிடம் அலை ஏறுவதையும் இறங்குவதையும் அளந்து நடுவை எடுக்கலாம்.

## 6. தண்ணீரோடு இறங்கி, தண்ணீரோடு ஏறி எண்ணுங்கள்

வற்றின் உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எண்ணத் தொடங்கி, இறங்கும் தண்ணீரைப் பின்தொடர்ந்து கீழே போய், அடிப்பட்டையை உச்ச நேரத்தில் முடித்துவிட்டு, கடல் ஏற ஏற நீங்களும் மேலே வாருங்கள். மேல்பட்டை எளிது என்று அங்கே மெதுவாக வேலை செய்பவர்களுக்குக் கீழே வரும்போது தண்ணீர் திரும்பியிருக்கும்.

ஒவ்வொரு பட்டையிலும் ஐந்துக்குக் குறையாமல் சட்டம் வையுங்கள். குலுக்கலில் வந்த இடத்தில் வெறும் பாறை இருந்தாலும் அங்கேயே வைக்க வேண்டும். வெறும் பாறையும் மணலும் சிப்பியும் கொட்டலசும் தரவுகள்தான். அவற்றை விட்டுவிட்டால் பாசிக்கு யார் போட்டி, யார் மேய்கிறார் என்பதே தெரியாமல் போகும்.

முதலில் படம்: சட்டத்துக்கு நேர் மேலே இருந்து, நிலையப் பெயரும் எண்ணும் எழுதிய சிலேட்டு உள்ளே தெரியும்படி. ஒருவர் குடை பிடித்து நிழல் தரட்டும், ஈரப் பாசியில் வெயில் பளபளத்தால் படத்தில் ஒன்றும் தெரியாது.

அப்புறம் எண்ணிக்கை. 25 கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். கட்டத்தில் கால்பாகம் மூடினால் 1, பாதி என்றால் 2, முழுவதும் என்றால் 4. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த இனம் மூடிய சதவீதம் நேரடியாகக் கிடைக்கும். மொத்தச் சட்டத்தையும் ஒரே பார்வையில் “நாற்பது இருக்கும்” என்று மதிப்பிடுவதைவிட இது நம்பகமானது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அடுக்குகளில். மேலே சர்காசம் விரிந்திருக்கும், அதன் கீழே சிவப்புப் புல்விரிப்பு, அதற்கும் கீழே சுண்ணாம்புப் பூச்சு. முதலில் மேலடுக்கை எண்ணி எழுதுங்கள். பிறகு அதைக் கையால் மெல்ல ஒதுக்கி நடு அடுக்கு, கடைசியில் பாறையோடு ஒட்டியது. மூன்றையும் கூட்டினால் நூறைத் தாண்டும், தாண்டட்டும். கணக்கை நூறுக்குள் அடக்குவதற்காக எண்களைக் குறைத்தால் அடியில் வாழும் பாசியைத்தான் அழிக்கிறீர்கள்.

ஆழத்திலிருந்து பிய்ந்து வந்து விரிசலில் சிக்கிக் கிடக்கும் சர்காசத்தை எண்ணக் கூடாது. லேசாக இழுத்து, பற்றுறுப்பு பாறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாசியின் மேல் இன்னொன்று ஒட்டி வளர்ந்தால் தாங்கும் பாசியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு பேர் எண்ணும் குழு என்றால் முதல் சில சட்டங்களை இருவரும் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் பத்துக்கு மேல் விலகினால் எங்கே பார்வை மாறுகிறது என்று அங்கேயே பேசித் தீர்த்துவிட்டுத் தொடருங்கள். வீட்டுக்கு வந்தபின் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பெயர் தெரியாததற்குப் பெயர் கற்பனை செய்யாதீர்கள். “சிவப்பு-3, முள்கிளை” என்று எழுதி, அதே எண்ணில் மாதிரி எடுத்தால் போதும்.

## 7. இப்போதுதான் பறிக்கலாம்

எண்ணிய சட்டத்துக்கு வெளியே, அதே பட்டையிலிருந்து எடுங்கள். எண்ணிய இடத்தையே வழித்தெடுத்தால் அடுத்த முறை ஒப்பிட எதுவும் இருக்காது.

ஒரு இனத்துக்கு ஒன்றிரண்டு செடி போதும், ஆனால் பற்றுறுப்போடு வேண்டும். தகட்டைப் பாறையோடு படியவைத்து அடியில் செலுத்தினால் முழுதாக வரும். கையால் பிய்த்தால் தண்டு மட்டும் வரும், அதை வைத்துப் பல இனங்களைப் பிரிக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சுக்கு உளியால் சின்னப் பாறைச் சில்லோடு எடுப்பதே வழி.

ஒரு பையில் ஒரு இனம். சட்ட எண், பட்டை, உயரம், தேதி எழுதிய தாளைப் பைக்குள்ளேயே போடுங்கள், வெளியே எழுதியது உரசி அழியும். உல்வா சீக்கிரம் அழுகிக் கூட இருப்பதையும் கெடுக்கும், அதை எப்போதும் தனியாக வையுங்கள். எல்லாப் பையும் ஐஸ் பெட்டிக்குள், வெயில் படாமல்.

## 8. அன்றிரவே கழுவி அழுத்துங்கள்

மணலையும் நத்தைகளையும் கடல்நீரிலேயே அலசி நீக்குங்கள். குழாய்த் தண்ணீரில் ஊறினால் மென்மையான சிவப்புப் பாசிகளின் செல்கள் வெடித்து நிறம் கசியும். அதற்காகவே ஒரு வாளி கடல்நீர் கூடவே வர வேண்டும்.

தட்டில் கடல்நீர் ஊற்றி, கெட்டியான தாளை அடியில் வைத்து, பாசியை மிதக்கவிட்டுக் கிளைகளைத் தூரிகையால் பிரித்து விடுங்கள். தாளைச் சாய்த்து மெதுவாகத் தூக்கினால் பாசி விரிந்தபடியே படியும். மேலே பழைய வேட்டித் துணி, இருபுறமும் செய்தித்தாள், அதன்மேல் எடை. செய்தித்தாளை முதல் சில நாட்கள் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மரபணு ஆய்வுக்கு ஒரு சின்னத் துண்டைச் சிலிக்கா ஜெல்லில் தனியாகப் போட்டுவையுங்கள். அழுத்திய மாதிரி இருக்கிறதே என்று இதை விட்டுவிட வேண்டாம்.

## 9. பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம்

அலை அடிக்கும் இடத்தில் ஒரே இனம் குட்டையாக, தடித்து வளரும். ஒதுங்கிய குட்டையில் நீண்டு மெலிந்திருக்கும். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் ஒன்றை இரண்டாக எண்ணுவீர்கள். சவர பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நாடா போன்ற உல்வாவில் இரண்டு செல் அடுக்கு இருக்கும், குழல் போன்ற உல்வாவின் சுவரில் ஒன்று.

பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. முன்பு என்டெரோமார்ஃபா என்று தனியாக இருந்தவை 2003க்குப் பிறகு உல்வாவோடு சேர்க்கப்பட்டன. உல்வா ஃபேசியேட்டா இப்போது பல பட்டியல்களில் உல்வா லாக்டுகாவுக்குள் வருகிறது. எந்த நூலை வைத்துப் பெயர் வைத்தீர்கள் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். அப்போதுதான் பழைய பட்டியலோடு ஒப்பிடுபவர், இனம் மறைந்ததா, பெயர்தான் மாறியதா என்று தெரிந்துகொள்வார்.

## 10. ஒரே பருவத்தோடு நிறுத்தாதீர்கள்

ஜனவரியில் எடுத்த பட்டியலில் இல்லாதது அந்தப் பாறையில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கன்னியாகுமரியின் பெயரையே இனப்பெயராகக் கொண்ட போர்ஃபைரா என்ற சிவப்புப் பாசி ஒன்று உண்டு. போர்ஃபைராக்கள் மெல்லிய இதழாகப் பாறையில் தெரிவது ஆண்டில் சில மாதங்கள்தான். மீதிக் காலத்தில் அவை சிப்பி ஓட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இழைகளாக வாழ்கின்றன.

பருவக்காற்று அடங்கியதும் ஒருமுறை, செழித்த காலத்தில் ஒருமுறை, கோடை தொடங்கும்போது ஒருமுறை என்று ஆண்டுக்கு மூன்று வருகையாவது வையுங்கள். அதே நிலைக்குறி, அதே கோடு. சட்டத்தின் இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதுக் குலுக்கலில் வரட்டும்.

தரவுத்தாளைப் படமெடுத்து அன்றே கணினியில் ஏற்றுங்கள். சைபர்களையும் சேர்த்து ஏற்ற வேண்டும், காலியாக விட்ட கட்டத்துக்குப் “பார்க்கவில்லை” என்றும் பொருள் வரும், “இல்லை” என்றும் பொருள் வரும். அழுத்திய மாதிரிகளில் ஒரு தொகுப்பைக் கல்லூரி உலர்தாவரகத்தில் எண்ணோடு சேர்த்துவிடுங்கள். அந்த எண்ணை அறிக்கையின் அட்டவணையில், ஒவ்வொரு இனத்தின் பெயருக்குப் பக்கத்திலும் எழுதுங்கள்.